சேர்க்கைச் சீட்டில் குத்திய துணி: லண்டன் ‘த்ரெட்ஸ் ஆஃப் ஃபீலிங்’ கண்காட்சி – நிகழ்வு ஆய்வு

லண்டன் பிரன்ஸ்விக் சதுக்கத்தில் 40ஆம் எண் கட்டடம் ஃபவுண்ட்லிங் மியூசியம். 2010 அக்டோபர் 14 முதல் 2011 மார்ச் 6 வரை அங்கே ‘த்ரெட்ஸ் ஆஃப் ஃபீலிங்’ என்ற கண்காட்சி நடந்தது. ‘உணர்வின் இழைகள்’ என்று தமிழில் சொல்லலாம். அதை உருவாக்கியவர் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக வரலாற்றாய்வாளர் ஜான் ஸ்டைல்ஸ். ஓவியமோ சிற்பமோ அங்கே முதன்மை இல்லை. ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல் என்ற அறநிலையம் 18ஆம் நூற்றாண்டில் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டபோது எழுதிய சீட்டுகளும், அவற்றில் ஊசியால் குத்தி வைத்த சில அங்குலத் துணித் துண்டுகளும்தான் காட்சிப்பொருள்கள். 2013 மே முதல் 2014 மே வரை இதே கண்காட்சி அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள கலோனியல் வில்லியம்ஸ்பர்க்கிலும் வைக்கப்பட்டது.

அறநிலைய வரலாற்றை வைத்து நடக்கும் கண்காட்சிகள் பெரும்பாலும் நிறுவனர் படம், கட்டடத்தின் பழைய புகைப்படம், நன்கொடையாளர் பட்டியல் என்று முடிந்துபோகும். இங்கே எடுத்துக்கொண்டது அலுவலகக் காகிதம். அது ஏன் பலித்தது, அப்படி ஒன்றைச் செய்யும்போது எங்கெல்லாம் கை தவறும் என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

இல்லமும் அதன் சீட்டும்

தாமஸ் கோரம் கப்பல் தலைவர், கப்பல் கட்டுபவர். லண்டன் தெருக்களில் விடப்பட்டுக் கிடந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டு 17 ஆண்டுகள் அலைந்து, 1739 அக்டோபர் 17 அன்று இரண்டாம் ஜார்ஜ் மன்னரிடம் சாசனம் பெற்றார். அப்படித் தொடங்கியதுதான் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல். ‘ஃபவுண்ட்லிங்’ என்றால் கைவிடப்பட்டுக் கண்டெடுத்த குழந்தை. பெயரில் ‘ஹாஸ்பிட்டல்’ இருந்தாலும் அது மருத்துவமனை அல்ல. அடைக்கலம் தரும் இடம் என்ற பழைய பொருளில் வந்த சொல். 1741 மார்ச் 25 அன்று ஹாட்டன் கார்டனில் ஒரு வாடகை வீட்டில் முதல் இரவு 30 குழந்தைகளைச் சேர்த்தார்கள்.

இடம் குறைவு, வந்தவர்கள் அதிகம். 1742இல் பை ஒன்றில் வண்ணப் பந்துகளைப் போட்டுத் தாய்மாரை எடுக்கச் சொல்லும் முறை வந்தது. வெள்ளை வந்தால் குழந்தைக்கு இடம் உண்டு. கறுப்பு வந்தால் திரும்பிப் போக வேண்டும். சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும். 1756இல் நாடாளுமன்றம் பணம் ஒதுக்கி, வரும் குழந்தை எதையும் மறுக்கக் கூடாது என்றது. அந்த ஆண்டு ஜூன் 2 அன்று கதவைத் திறந்தபோது முதல் நாளே 117 குழந்தைகள் வந்தன. 1760 மார்ச் வரை நீடித்த அந்தத் தாராளச் சேர்க்கையில் வந்தவை ஏறக்குறைய 15,000. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு பிழைக்கவில்லை. துணித் துண்டுகளில் பெரும்பகுதி இந்த நாலு ஆண்டுகளைச் சேர்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அவற்றைப் பார்க்க வேண்டும்.

சேர்க்கும்போது தாயின் பெயரைக் கேட்க மாட்டார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் புதுப் பெயர் வைப்பார்கள். பிறகு நாட்டுப்புறத்துப் பால்தாயிடம் அனுப்பிவிடுவார்கள். ஐந்து வயதுவாக்கில்தான் திரும்பி வரும். தாய் பெயர் இல்லை, பழைய பெயர் இல்லை, முகமும் மாறிவிடும். அப்படியானால் என்றாவது ஒரு பெண் வந்து “என் பிள்ளையைக் கொடுங்கள்” என்றால் எது அவள் பிள்ளை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காக இல்லம் ஏற்படுத்திய ஏற்பாடுதான் சேர்க்கைச் சீட்டு.

சீட்டு ஒரு பக்கம் அச்சடித்த படிவம். மேலே நாள், ஆணா பெண்ணா, வயது எவ்வளவு என்ற இடங்கள். கீழே குழந்தையின் மேல் இருக்கக்கூடிய உடுப்புகள் ஒவ்வொன்றின் பெயரும் வரிசையாக அச்சாகியிருக்கும்: தொப்பி, நெற்றித்துணி, மார்புத்துணி, சட்டை, பாவாடை, கைப்பட்டை, இடுப்புச் சுற்றுத்துணி, போர்வை, அரைத்துணி, காலுறை, காலணி. இருப்பதன் பக்கத்தில் எழுத்தர் துணியின் வகையையும் நிறத்தையும் எழுதுவார். கடைசியில் உடம்பில் உள்ள மச்சம், தழும்பு. அதே எண்ணைப் பொறித்த ஈயத் தகடு ஒன்று குழந்தையின் கழுத்தில் ஏறும். துணி அல்லது வேறு அடையாளத்தைச் சீட்டில் வைத்து மடித்து முத்திரையிட்டு விடுவார்கள். யாராவது குழந்தையைக் கேட்டு வந்தால்தான் அதைப் பிரிப்பது. பின்னாளில் சீட்டுகள் புத்தகங்களாகக் கட்டப்பட்டன.

1741 முதல் 1760 வரை சேர்ந்த குழந்தைகள் 16,282. அவர்களில் 4,000க்கும் மேற்பட்டோரின் சீட்டுகளில் ஏதாவது ஓர் அடையாளம் இருந்தது, பெரும்பாலும் துணி. திரும்பப் பெறப்பட்டவர்கள் 152 பேர். கணக்குப் பார்த்தால் 107 பேருக்கு ஒருவர்.

துணி ஏன்?

எழுதப் படிக்கத் தெரியாத பெண் என்ன அடையாளம் சொல்ல முடியும்? தான் உடுத்திய துணியைச் சொல்ல முடியும். என்ன நிறம், எந்தப் பூ, எத்தனை கோடு என்பது அவள் கண்ணிலேயே இருக்கும். பழைய சேலையைக் கிழித்துத் தூளி கட்டுவதும் குழந்தைக்குச் சட்டை தைப்பதும் நமக்குப் பழக்கம்தானே. லண்டன் ஏழைப் பெண்களும் தங்கள் பழைய கவுனை வெட்டித்தான் குழந்தைக்கு உடுப்புத் தைத்தார்கள். எனவே சீட்டில் இருக்கும் பூத்துணி பல சமயம் தாயின் மேல் கிடந்த துணி. ஸ்டைல்ஸ் இதிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்காட்டினார்: சாதாரண உழைக்கும் பெண்கள் என்ன உடுத்தினார்கள், எந்தப் பூப்போட்ட துணியை விரும்பி வாங்கினார்கள் என்பதற்கு நேரடிச் சான்று இந்தப் புத்தகங்கள்தான்.

பணக்காரர்களின் பட்டுக் கவுன்கள் அரும்பொருளகங்களில் ஏராளம். ஏழையின் துணி நைந்து கந்தையாகி, கந்தை வியாபாரியிடம் போய், அங்கிருந்து காகித ஆலைக்குப் போய்விடும். அக்காலக் காகிதமே லினன் என்ற ஆளிநார்த் துணியின் கந்தையை அரைத்துச் செய்ததுதான். அதாவது இந்தச் சீட்டுகளில், கந்தையாகாமல் தப்பிய துணி ஒன்று, கந்தையிலிருந்து பிறந்த காகிதத்தின் மேல் குத்தப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் 18ஆம் நூற்றாண்டின் அன்றாடத் துணிகளில் தப்பிப் பிழைத்த மிகப் பெரிய தொகுப்பு இதுவே.

எழுத்தர்கள் துணியைச் சொல்லத் தெரிந்தவர்கள். 11,868ஆம் எண் ஆண் குழந்தையின் கைப்பட்டையைப் பற்றி, சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளியிட்ட லினன், மடிப்பில் சிவப்பின் மேல் வெள்ளைப் பொட்டு என்று எழுதியிருக்கிறார் ஒருவர். இன்னொரு துணியில் மேலெங்கும் சீட்டுக்கட்டுப் பூ. 170ஆம் எண்ணில் நாலு மெல்லிய ரிப்பன்களை ஒரு கொத்தாக முடிந்து வைத்திருக்கிறார்கள்: மஞ்சள், நீலம், பச்சை, இளஞ்சிவப்பு. 1743இல் வைத்தது, இன்றும் நாலு நிறமும் தனித்தனியே தெரிகிறது. திருவிழாச் சந்தையில் காதலன் காதலிக்கு வாங்கித் தரும் சிறு பரிசு அக்காலத்தில் ரிப்பன். கையில் வைத்திருந்த கொஞ்ச நஞ்சத்தில் அதை எடுத்துப் பிள்ளையோடு அனுப்பியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சீட்டித்துணிக்குத் தடை இருந்த காலம்

நம் கரையோடு நேரடித் தொடர்புள்ள இடம் இது. சோழமண்டலக் கரையின் பூப்போட்ட சீட்டித்துணி 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் விற்றுத் தள்ளியது. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் துவைக்கத் துவைக்க நின்றன. ஐரோப்பியச் சாயக்காரர்களுக்குப் பருத்தியில் அப்படி நிறம் ஏற்றத் தெரிந்திருக்கவில்லை. கம்பளி, பட்டு நெசவாளர்கள் கலகம் செய்தார்கள். 1700இல் அச்சிட்ட, வரைந்த இந்தியத் துணிகளை உள்நாட்டில் விற்க இறக்குமதி செய்வதற்குத் தடை வந்தது. 1721இல் அச்சிட்ட முழுப் பருத்தித் துணியை உடுத்துவதற்கே தடை. 1774 வரை அது விலகவில்லை.

அப்படியானால் 1741க்கும் 1760க்கும் இடையே குழந்தைகளின் மேல் இருந்த பூத்துணிகள் எவை? பாவு (நீள இழை) லினன், ஊடை (குறுக்கிழை) பருத்தியாக இங்கிலாந்திலேயே நெய்த கலப்புத்துணியும் லினனும். 1736ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கலப்புத்துணியில் அச்சிட அனுமதித்தது. கலப்புக்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு: தறியில் பாவு இழைதான் இழுப்பைத் தாங்க வேண்டும். ஆர்க்ரைட்டின் நூற்பு எந்திரம் 1769இல் வரும்வரை இங்கிலாந்துக் கைநூற்புப் பருத்தி அந்த இழுப்புக்குப் பெரும்பாலும் நிற்கவில்லை. நம் ஊர்ப் பருத்தி நூல் நின்றது. எழுத்தர் ‘காட்டன்’ என்று எழுதிய துணியை உருப்பெருக்கியில் பார்த்தால் பாவில் லினன் இருப்பது இதனால்தான்.

விளக்க அட்டை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதுவே. சீட்டின் சொல்லும் துணியின் இழையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டையும் தனித்தனி வரியாக எழுத வேண்டும்: ‘சீட்டில் உள்ளபடி’ ஒன்று, ‘இழையில் உள்ளபடி’ ஒன்று. செரிடெர்ரி, சூசி, கேம்லெட், கேலிமாங்கோ, லின்சி-வுல்சி என்று அக்காலத் துணிப் பெயர்கள் சீட்டுகளில் வரும். செரிடெர்ரி இந்தியத் துணிப் பெயர் ஒன்றின் திரிபு. இவற்றை இன்றைய பெயருக்கு மாற்றிவிட்டால் எழுத்தரின் கண் பார்த்தது தொலைந்துபோகும்.

வெட்டியது யார் கை?

இந்தக் கண்காட்சியைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி நேரும் பிழை, எல்லாத் துண்டையும் தாய் கண்ணீரோடு வைத்துப் போன நினைவுப்பொருள் என்று கொள்வது. அடையாளம் ஒன்றை வைக்கும்படி இல்லமே கேட்டுக்கொண்டது. தாய் எதுவும் தராவிட்டால் இல்லத்துச் செவிலிகளே குழந்தையின் உடுப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் குத்தினார்கள். அது அலுவல். அதில் அன்பு இல்லை என்று பொருளல்ல. அந்தத் துண்டைத் தேர்ந்த கை தாயுடையது அல்ல என்பதுதான் விஷயம்.

வேறுபாட்டைக் காட்டும் தடயங்கள் உண்டு. ரிப்பன் முடிச்சு, இதய வடிவில் வெட்டிய துணி, எழுத்துத் தைத்த துண்டு, பாதியாக வெட்டிய ஒட்டுத்துணி இவையெல்லாம் வெளியிலிருந்து வந்தவை. கத்தரிக்கோல் நேராக ஓடிய சதுரத் துண்டு, சீட்டில் கைப்பட்டை என்று எழுதியிருக்கும் அதே துணியாக இருந்தால், பெரும்பாலும் செவிலியின் வெட்டு. இரண்டுக்கும் நடுவே தீர்க்க முடியாதவை நிறைய. கூட வந்த கடிதம் இருந்தால் தெளிவு: 8,959ஆம் எண் குழந்தையோடு வந்த சீட்டில், பெயர் ஃபுளோரெல்லா பர்னி, 1758 ஜூன் 19 அன்று சோஹோவின் செயின்ட் ஆன்ஸ் தேவாலயப் பங்கில் பிறந்தது, ஞானஸ்நானம் ஆகவில்லை, தனிக் கவனம் எடுத்துக்கொள்ளுங்கள், இக்குழந்தையைத் திரும்பக் கேட்டு வருவோம் என்று இருக்கிறது. எழுத்துக்கூட்டல் தாறுமாறு. அட்டையில் அதைத் திருத்தாமல் அப்படியே அச்சிடுவதே முறை.

பூ, மொட்டு, பறவை, வண்ணத்துப்பூச்சி உள்ள துணிகளை ஸ்டைல்ஸ் கவனித்துப் பேசுகிறார். வளர்ச்சியையும் நம்பிக்கையையும் சொல்லும் உருவங்கள் என்று படிக்க இடமுண்டு. ஆனால் அக்காலக் கடைகளில் பாதித் துணி பூத்துணிதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காட்சியில் இதய வடிவையும் வெறும் கட்டம்போட்ட துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்ப்பவர் தாமே வித்தியாசத்தை உணர்வார். இதயங்களை மட்டும் பொறுக்கி வைத்தால் கண்காட்சி அழவைக்கும், பொய்யும் சொல்லும்.

பிரித்ததால் வந்த கேடு

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இல்லத்தார் முத்திரையிட்ட சீட்டுகளைத் திறந்து, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பொருள்களை எடுத்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். தேய்த்துப் பெயர் பொறித்த நாணயம், உலோக இதயம், விரற்கவசம், பூட்டு, ஒரு ஹேசல் கொட்டையின் ஓடு. நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் எந்தப் பொருள் எந்தச் சீட்டிலிருந்து வந்தது என்று குறித்து வைக்கவில்லை. நாணயம் இருக்கிறது, குழந்தை யார் என்று தெரியாது. சீட்டு இருக்கிறது, ஊசி குத்திய ஓட்டை மட்டும் இருக்கிறது.

இந்த நூற்றாண்டில் ஆய்வாளர்கள் சீட்டிலுள்ள விவரிப்பையும், காகிதத்தில் பதிந்த உருவத் தடத்தையும், களிம்புக் கறையையும் பொருளோடு ஒப்பிட்டுப் பல அடையாளங்களை அவற்றின் குழந்தைகளோடு மீண்டும் சேர்த்தார்கள். 2013இல் அதே மியூசியம் அந்த வேலையைத் தனிக் கண்காட்சியாகவே வைத்தது. துணிகள் தப்பியதற்கு ஒரே காரணம், பழைய கந்தல் என்று நினைத்து யாரும் தொடாததுதான். கவர்ச்சியான பொருள் இடம்பெயர்ந்தது. கந்தல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால்தான் 2010இல் ஸ்டைல்ஸால் துணி, எண், நாள், உடுப்புப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் காட்ட முடிந்தது.

புத்தகத்தை விரித்து வைப்பது

பழைய பதிவேடுகளைக் கொண்டு இதுபோலச் செய்ய நினைப்பவர்களுக்கு வேலை கடினமாகும் இடம் இதுதான்.

சீட்டுப் புத்தகங்கள் கட்டியவை. ஒரு புத்தகத்தில் ஒரு நேரத்தில் ஒரு விரிப்பைத்தான் காட்ட முடியும். காட்ட விரும்பும் இரண்டு துணிகள் ஒரே புத்தகத்தின் வேறு வேறு பக்கங்களில் இருந்தால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது அதை அளவு மாறாத வண்ண நகலாகச் சுவரில் வைக்க வேண்டும். தேர்வுப் பட்டியல் போடும்போதே துணி எண்ணுக்கு எதிரே புத்தக எண்ணையும் எழுதாவிட்டால், கடைசி வாரத்தில் இந்த மோதல் வெளிவரும். நகல் என்றால் ‘நகல்’ என்று அட்டையில் எழுத வேண்டும்.

துணி குத்திய பக்கங்கள் இருப்பதால் புத்தகம் ஒரு பக்கம் உப்பலாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கும். கடையில் கிடைக்கும் ‘வி’ வடிவத் தாங்கி பொருந்தாது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் இடது வலது உயரத்தைத் தனித்தனியே அளந்து அமிலமற்ற அட்டையில் தாங்கி செய்ய வேண்டும். விரிப்புக் கோணம் 90 முதல் 120 டிகிரிக்குள் நிற்கட்டும். முதுகு தொங்காமல் அடியில் தாங்கல் வேண்டும். பக்கத்தைப் பிடிக்க பாலியெஸ்டர் படலப் பட்டையைப் பயன்படுத்துவது வழக்கம். அது காகிதத்தின் ஓரத்தில் மட்டும். துணியின் மேல் போட்டால் படலத்தின் நிலைமின்சாரம் நைந்த இழையைத் தூக்கி ஒட்டவைக்கும்; கழற்றும்போது இழை கையோடு வரும்.

குண்டூசிகளை எடுக்கக் கூடாது. அக்காலக் குண்டூசி பித்தளைக் கம்பி; தலை தனியே சுற்றியது. ஈரத்தில் பச்சைக் களிம்பு ஏறித் துணியையும் காகிதத்தையும் அரிக்கும். அரித்தாலும் ஊசிதான் ‘இந்தத் துணி இந்தச் சீட்டுக்கு’ என்பதற்குச் சான்று. காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டில் நிறுத்துவதே மருந்து. மூடிய கண்ணாடிப் பேழைக்குள் இதற்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைக்கலாம். ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ என்பது பழகிய கணக்கு. 1 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள பேழைக்கு 3.6 கிலோ. ஜெல்லை முன்கூட்டியே 50 விழுக்காட்டு ஈரத்துக்குப் பழக்கிய பிறகே உள்ளே வைக்க வேண்டும். உலர்ந்த நிலையில் நேரே வைத்தால் காகிதம் சுருண்டு ஊசியில் இழுபடும். கரையோர ஊரில் பேழையின் மூட்டுகளை அடைக்காமல் எத்தனை ஜெல் வைத்தாலும் பலனில்லை.

பேழையின் பொருளும் முக்கியம். ஓக் மரமும் எம்.டி.எஃப். பலகையும் அமில ஆவி விடும். அருகில் ஈயத் தகடு இருந்தால் சில மாதங்களில் வெள்ளைப் பொடி பூக்கும். உபயோகிக்கப் போகும் பலகை, துணி, பெயின்ட் மாதிரிகளை ‘ஆடி’ (Oddy) என்ற சோதனைக்கு அனுப்புவது நல்லது: மாதிரியோடு வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளை மூடிய குடுவையில் 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைத்து உலோகம் கறுக்கிறதா, பொடி பூக்கிறதா என்று பார்ப்பார்கள். அட்டவணையில் இந்த 28 நாளுக்கு இடம் விடாததால் பிறகு சோதிக்காத பெயின்டை அடித்துவிட்டு, கண்காட்சி திறக்கும் நாளிலும் வாசனை போகாமல் திண்டாடுவது பலரும் செய்யும் தப்பு.

ஒளிதான் எல்லாவற்றிலும் கொடியது. இந்தத் துணிகளில் நிறம் தங்கியதற்கு இரண்டரை நூற்றாண்டு மூடிய புத்தகத்துக்குள் இருந்ததே காரணம். அதே காலத்துத் துணி சுவரில் தொங்கியிருந்தால் அவுரி நீலத்தின் மேல் ஏற்றிய மஞ்சள் போய், பச்சை இலைகள் நீல இலைகளாகியிருக்கும். சாயம் பிடிக்க இரும்புக் காரம் போட்டுக் கறுத்த கோடுகள் ஏற்கெனவே நார் இற்றவை. ஒளி பட்டால் இன்னும் உதிரும். பரவலாக ஏற்ற அளவு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஆனால் அளவைவிடக் கூட்டுத்தொகைதான் கணக்கு. 20 வாரம், வாரம் 40 மணி, 50 லக்ஸ் என்றால் மொத்தம் 40,000 லக்ஸ்-மணி. விளக்கை 200 லக்ஸுக்கு ஏற்றினால் அதே சேதத்தை 5 வாரத்தில் செய்துவிடுவீர்கள். 10,000 லக்ஸ் வெயில் விழும் ஜன்னலோரத்தில் 4 மணி நேரம் போதும். நேர்ந்த சேதம் நீங்காது. இருட்டில் ஓய்வு கொடுத்தாலும் நிறம் மீண்டு வராது.

50 லக்ஸில் மனிதர் படிக்கவும் வேண்டும். வெளி வெளிச்சத்திலிருந்து நேரே உள்ளே வந்தால் முதல் சில நிமிடம் ஒன்றும் தெரியாது. எனவே வாசலை ஒட்டிய முதல் அறையில் இல்லத்தின் வரலாறு, வரைபடம், நகல்கள். அடுத்த அறையில் மங்கிய ஒளியில் புத்தகங்கள் என்று வரிசைப்படுத்துவது நல்லது. அட்டை எழுத்து 24 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது. கறுப்புப் பின்புலத்தில் சாம்பல் எழுத்து அழகாகத் தெரியும் என்று வடிவமைப்பாளர் சொல்வார். வயதானவர்கள் படிக்க மாட்டார்கள். துணி 5 செ.மீ. அளவுதான் என்பதால் பேழையின் மேல்தளம் தரையிலிருந்து 80 முதல் 90 செ.மீ. உயரத்தில், சக்கர நாற்காலியின் கால்கள் உள்ளே நுழையும்படி அடியில் வெற்றிடத்தோடு இருக்கட்டும். பார்ப்பவர் குனிந்து முகத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோவார். நெற்றியின் நிழல் துணிமேல் விழாத கோணத்தில் விளக்கு வர வேண்டும். திறப்பதற்கு முந்தைய நாள் ஒருவரைக் குனியச் சொல்லிப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

கம்பளித் துண்டுகள் இருந்தால் பூச்சி. உடுப்புப் பூச்சியின் புழு கம்பளியைத்தான் தேடும். ஒட்டுப்பொறியைப் பேழை அறையின் மூலைகளில் வைத்து வாரம் ஒருமுறை எண்ணிக்கை எடுக்க வேண்டும். உறையவைத்துக் கொல்வது தனித்த துணிக்குச் சரி. கட்டிய புத்தகத்தைக் காப்பாளர் பார்க்காமல் உறைபெட்டியில் வைக்கக் கூடாது.

கலைஞர்களை அழைத்தால்

இந்த இல்லத்துக்குக் கலையோடு உறவு புதிதல்ல. வில்லியம் ஹோகார்த் 1740இல் கோரமின் முழுவுருவ ஓவியத்தை வரைந்து கொடுத்தார். அவர் இல்லத்தின் நிர்வாகிகளில் ஒருவர். அவரைப் பார்த்து ராம்சே, ஹைமோர், ஹேமன், இளம் கெய்ன்ஸ்பரோ எல்லாரும் படம் கொடுத்தார்கள். படம் பார்க்க வந்த செல்வர்கள் குழந்தைகளையும் பார்த்து நன்கொடை தந்தார்கள். 1750 மே 1 அன்று இசையமைப்பாளர் ஹாண்டல் தம் ‘மெசையா’ இசைப்படைப்பை இல்லத்துத் தேவாலயத்தில் நிதி திரட்ட நடத்தினார். பிரிட்டனின் முதல் பொதுக் கலைக்கூடம் என்று இதைச் சொல்வது இதனால்தான்.

இந்த மரபில் மியூசியம் இன்றைய கலைஞர்களையும் அழைக்கிறது. 2016இல் கார்னீலியா பார்க்கர் 60க்கும் மேற்பட்ட கலைஞர்கள், எழுத்தாளர்கள், இசைக்கலைஞர்களைச் சேர்த்து ‘ஃபவுண்ட்’ என்ற கண்காட்சியை வைத்தார். கண்டெடுத்தது என்ற கருத்தில் அவரவர் தந்த பொருள்கள் பழைய சேகரிப்புக்கு நடுவே நின்றன. அது வேறு வகை. அங்கே கலைஞர் ஒரு பொருளைக் கொண்டுவந்து வரலாற்றோடு பேசவைக்கிறார். ‘த்ரெட்ஸ் ஆஃப் ஃபீலிங்’கில் பேசுவதற்கு வெளியிலிருந்து யாரும் வரவில்லை. இரண்டையும் எடைபோட்டால் பின்னதே வலுவானது. சட்டமிட்ட ஓவியங்களைக் கொடுத்தவர்களின் பெயர் ஒவ்வொன்றும் நமக்குத் தெரியும். துணியைக் கொடுத்த பெண்களில் ஏறக்குறைய ஒருவர் பெயரும் தெரியாது; அவர்கள் விட்டுப்போனது அந்தச் சில அங்குலம்தான். அந்த அங்குலங்களின் மேல் இன்னொருவர் கற்பனையை ஏற்றாமல் காட்ட வேண்டிய கடமை காட்சி அமைப்பவருக்கு இருக்கிறது.

கலைஞரை அழைத்தே ஆக வேண்டும் என்றால் ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் முன்பே எழுத வேண்டும்: மூலப் பதிவேட்டைத் தொடுவது யார், நகலை எந்த அளவில் பயன்படுத்தலாம், உயிரோடிருக்கும் குடும்பங்களை அடையாளம் காட்டும் பெயர்களை எந்த ஆண்டுவரை மறைப்பது. கடைசியது மிகக் கூர்மையானது. 18ஆம் நூற்றாண்டுச் சீட்டில் பெயரைச் சொல்லலாம். இந்த இல்லம் லண்டனை விட்டு 1926இல் வெளியேறி, பின்பு பெர்க்காம்ஸ்டெட்டில் 1950கள் வரை பிள்ளைகளை வளர்த்தது. அங்கே வளர்ந்தவர்களின் கதையை அவர்கள் ஒப்புதல் இல்லாமல் சுவரில் எழுத யாருக்கும் உரிமையில்லை.

16,516

1767 பிப்ரவரி 11 அன்று ஓர் ஆண் குழந்தை வந்தது. தாய் வைத்த பெயர் சார்லஸ். இல்லம் வைத்தது பெஞ்சமின் ட்விர்ல். சீட்டில் ஒரு ஒட்டுத்துணி இருக்கிறது: அச்சுத்துணியும் நெய்த துணியுமாகப் பல கீற்றுகளைச் சேர்த்துத் தைத்தது, அதன் மேல் நூலால் தைத்த இதயம், இதயத்தின் நடுவே ஓடும் வெட்டு. பாதி இங்கே. அடையாளத்தை இப்படிப் பாதியாக வெட்டுவதன் நோக்கம், மறுபாதி தாயின் கையில் இருக்க வேண்டும் என்பதுதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பூவும் கோடும் தையலும் ஓடிப் பொருந்தும், வேறெந்தத் துணியும் பொருந்தாது. அந்தக் காலத்துக்குள் இல்லம் தாய்மாருக்கு ரசீது கொடுக்கத் தொடங்கியிருந்தது. அடையாளம் வைப்பது குறைந்துவிட்டது. ஆனாலும் இந்தப் பெண் வைத்தாள்.

1775 ஜூன் 10 அன்று சேரா பெண்டர் என்ற பெண் வந்து பிள்ளையைக் கேட்டாள். எட்டு ஆண்டு நாலு மாதம் ஆகியிருந்தது. பையனைப் பெற்றுக்கொண்டு போனாள். அரை இதயம் சீட்டில் குத்தியபடியே இருக்கிறது.